பூண் போட்ட கம்பு

[எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக அங்கங்கே சுருக்கித் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.]

இன்னைக்குக் கம்பு பத்திப் பேசப்போறேன். கூழ் காய்ச்சிக் குடிக்கிற கம்பு இல்ல, கையில பிடிக்கிற கம்பு. எங்க கடம்பூர்ப் பக்கம் ரெண்டுக்கும் ஒரே பேர்தான். "கம்பு எடுத்துட்டு வா"ன்னு சொன்னா, குலுக்கையைத் திறக்கணுமா கதவு மூலைக்குப் போகணுமான்னு சொல்றவங்க மூஞ்சியைப் பாத்துத்தான் முடிவு பண்ணணும்.

கடம்பூர் எங்க இருக்குன்னு கேக்கறவங்களுக்கு: சென்னையிலேர்ந்து திருநெல்வேலிக்கு ரயில்ல போனா, கோவில்பட்டி தாண்டினதும் வர்ற ஊரு. தூத்துக்குடி மாவட்டம். பல பேருக்கு அந்த ஸ்டேஷன் தெரியாது, ஆனா அங்க விக்கிற போளி தெரியும். போளியைத் தாண்டி ஊருக்குள்ள இறங்கினா கரிசல். மானாவாரி பூமி. வெயில் காலத்துல மண்ணு பாளம் பாளமா வெடிச்சு, கை நுழையுற அளவுக்குப் பிளந்து கிடக்கும். மழை பேஞ்சா அதே மண்ணு களியாயி, ஒவ்வொரு அடிக்கும் காலோட ஒரு கிலோ சேந்துக்கும். இந்த ரெண்டையும் மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

எங்கிட்ட இப்போ 31 கம்பு இருக்கு. வேளச்சேரியில ரெண்டு பெட்ரூம் வீடு, அதுல ஹால் சுவர் முழுக்கக் கம்பு. வர்ற நண்பர்கள் எல்லாரும் முதல்ல கேக்குறது, "யாரை அடிக்கப் போற?" ரெண்டாவது கேக்குறது, "இதெல்லாம் வயசானவங்களுக்குத்தானே?"

அந்த ரெண்டாவது கேள்விதான் எனக்கு விசித்திரமா இருக்கும். ஏன்னா நான் வளந்த இடத்துல கம்பு வயசானவங்க சாமான் இல்ல. ஆடு மேய்க்கிறவங்க கையில கம்பு. காட்டுக்குத் தண்ணி பாய்ச்ச ராத்திரி போறவங்க கையில கம்பு. கிடை போடுறவங்க தோள்ல கம்பு. கிடைன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: அறுப்பு முடிஞ்ச காட்டுல ராத்திரி ஆட்டு மந்தையை அடைச்சு வைப்பாங்க, புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரமாகும், நிலத்துக்காரர் அதுக்குக் கூலி குடுப்பார். கி.ராஜநாராயணன் 'கிடை'ன்னே ஒரு குறுநாவல் எழுதியிருக்கார். அவரோட இடைசெவல் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரிதான். அந்தக் கதையைத்தான் அம்ஷன் குமார் 'ஒருத்தி'ன்னு படமா எடுத்தார்.

இன்னொரு பக்கத்து ஊர்க்காரர் எட்டயபுரத்து பாரதி. 1919-ல காரைக்குடியில எடுத்த படத்துல கையில கம்போட இருப்பார். அப்ப அவருக்கு நாப்பது வயசுகூட ஆகல. ஊன்றதுக்கா வச்சிருந்தார்? ஆளோட மிடுக்குக்கு ஒரு துணை, அவ்வளவுதான். காந்தி 1930-ல தண்டிக்கு நடந்தப்போ கையில இருந்தது மூங்கில். பெரியார் தடி இல்லாத பெரியாரை யாராவது வரைஞ்சா அது பெரியார்னே தெரியாது. ஆக, கம்பு பிடிக்கக் கூச்சப்படுறது ரொம்பப் புதுப் பழக்கம்.

சரி, பேர் விஷயம் ஒண்ணு சொல்லிடுறேன். 'கைத்தடி'ங்கிற சொல்லை நான் இங்க அதிகமா பயன்படுத்தப் போறதில்ல. எங்க ஊர்ல கைத்தடின்னா கட்சிக்காரர் பின்னாடியே திரியுற ஆளு. (சிரிப்பு) கம்புன்னே சொல்லுவோம்.

என் சேகரிப்புல முதல் கம்பா வரவேண்டியது எங்க பெரியப்பா கம்பு. இன்னைய வரைக்கும் வரல. அந்தக் கதைதான் இந்த எபிசோட்.

பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல வெள்ளாடும் செம்மறியும் வச்சிருந்தவர். அவர் கம்பு கல்மூங்கில். மூங்கில்னா உள்ள குழாய் மாதிரி வெத்தா இருக்கும்னு நினைப்போம். கல்மூங்கில்ல அந்த ஓட்டை கிட்டத்தட்ட அடைஞ்சே இருக்கும், கெட்டி. போலீஸ் லத்தியும் இந்த வகையிலதான் செய்வாங்க. எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்குப் போனப்போ பச்சையா ஒரு கழி வாங்கிட்டு வந்து அவரே செஞ்சது.

எப்படிச் செஞ்சார்னு அவர் வாயால நான் கேட்டு எழுதி வச்சிருக்கேன். இளசு ஆகாது, மூணு வருஷமாவது முத்தின கழியா இருக்கணும். தேய்பிறையில வெட்டினதான்னு கேட்டுத்தான் வாங்குவாங்களாம். வளர்பிறையில வெட்டினா உளுத்துப்போகும்னு ஒரு கணக்கு. நிலாவுக்கும் வண்டுக்கும் என்ன சம்பந்தம்னு நான் ஒரு தடவை கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஆனா அடுத்த வேலையில ஐயமே இல்ல: கழியைக் கொண்டுபோயி கிணத்துத் தண்ணியில கல்லைக் கட்டி அமுக்கிப் போடுறது. ரெண்டு மூணு வாரம் ஊறும். எடுக்கும்போது நாத்தம் குடலைப் பிடுங்கும். மூங்கிலுக்குள்ள இருக்கிற மாவுச்சத்துக்குத்தான் வண்டு வருது; ஊறப்போட்டா அது கரைஞ்சு வெளியில போயிடும். பெரியப்பாவுக்கு மாவுச்சத்துன்னு பேர் தெரியாது, "பால் இறங்கணும்"னுவார்.

அப்புறம் நிழல்ல காய வைக்கிறது. வெயில்ல போட்டா வெடிச்சிடும். காயறதுக்கு நடுவுல வளைவு எடுக்கணும். ஓலைத்தீ மூட்டி, விளக்கெண்ணெய் தடவி, வளைஞ்ச இடத்தை மட்டும் தீயில காட்டி, சூட்டோட ரெண்டு வேப்பங்கிளைக்கு நடுவுல குடுத்து எதிர்ப்பக்கம் வளைச்சு, ஈரத்துணி சுத்தி ஆறவிடணும். ஒரு கணுவுக்கு ஒரு தடவை. அவசரப்பட்டா கருகும், இல்லன்னா பொளந்துக்கும். கடைசியா அடுப்புக்கு மேல பரண்ல செருகி வச்சு மாசக்கணக்கா புகை குடிக்க வைக்கிறது. அப்பத்தான் அந்தத் தேன் நிறம் வரும்.

இதைக் கேட்டுட்டு நான் வேற ஊர்ல எப்படிச் செய்றாங்கன்னு தேடிப் பாத்தேன். அயர்லாந்துல ஒரு கருப்பு முள்மரத்துல கம்பு செய்வாங்க, ஷிலேலினு பேரு. அதுக்கு வெண்ணெய் தடவி வீட்டுப் புகைக்கூண்டுக்குள்ள செருகி மாசக்கணக்குல பதப்படுத்துவாங்களாம். பெரியப்பாகிட்ட சொன்னேன். "வெண்ணெயா? துட்டு கொழுத்தவனுவ"ன்னார்.

முடிச்சதும் நுனிக்குப் பூண். கொல்லாசாரி பட்டறையில ஒரு இரும்பு வளையம் அடிச்சு, கம்பு முனையை அதுக்குத் தக்க சீவி, இறுக்கி அடிச்சு ஏத்துறது. உலக்கைக்குப் போடுற மாதிரியேதான், சின்ன அளவு. பூண் இல்லாத மூங்கில் ஆறு மாசத்துல நுனி பிரஷ் மாதிரி விரிஞ்சிடும். பூண் போட்டா கரிசல் வெடிப்புல, சரளைக்கல்லுல எங்க குத்தினாலும் நிக்கும்.

ஆடு மேய்க்கிறவர் கம்பு தோள் உயரம். சாஞ்சு நிக்கணும், மந்தையை ஒதுக்கணும், அதுக்கு அந்த நீளம் வேணும். சிலம்பக் கம்பு இன்னும் உசரம், நெத்தி வரைக்கும். பெரியப்பா கம்பு ஆரம்பத்துல தோள் உயரம் இருந்தது. சில வருஷம் கழிச்சு அடி பொளந்தது. ஒரு சாண் அறுத்துட்டுப் பூணை மேல ஏத்தினார். மறுபடி ஒரு தடவை, கிணத்து மோட்டார்ல சிக்கி நசுங்கி, அறுத்தார். ஆடெல்லாம் வித்த வருஷம் இடுப்புக்குக் கொஞ்சம் மேல நின்னுச்சு. மூட்டு வலி வந்தப்போ அதையே ஊன்ற ஆரம்பிச்சார். புதுசா ஒண்ணு வாங்கவே இல்ல.

இந்த மாதிரி ஒரு பொருள் கிடைச்சா சேகரிக்கிறவனுக்கு எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. நான் அந்தக் கம்பு மேல கண்ணு வச்சேன். அங்கதான் தப்பு நடந்தது.

மூட்டைக் காட்டுறதுக்காக அவரைச் சென்னைக்குக் கூட்டிட்டு வந்தோம். கம்போடதான் வந்தார். எங்க அபார்ட்மென்ட்ல தரை முழுக்க வழவழன்னு டைல்ஸ். முதல் நாளே இரும்புப் பூண் தரையில 'கிரீச்'னு சத்தம் போட்டுச்சு. என் மனைவி சொன்னா, "மெடிக்கல்ல ரப்பர் புஷ் விக்குது, வாங்கி மாட்டிடலாமே." நான்தான் வேண்டாம்னேன். பூணைக் கழட்டினா மூங்கில் சிதைஞ்சிடும், அது கையால அடிச்ச பழைய பூண், அப்படியே இருந்தாத்தான் அதுக்கு மதிப்புன்னு ஒரு பிரசங்கம் வேற பண்ணேன். எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க, ஏன்னா கம்பு விஷயத்துல வீட்டுல நான்தான் நிபுணர்.

மூணாவது நாள் காலையில பாத்ரூம்லேர்ந்து வெளிய வந்தவர், ஈரத் தரையில கம்பை ஊனினார். பூண் வழுக்கிட்டுப் போயிடுச்சு. இடது கையை ஊனி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அவர் என்னைத் திட்டல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு. ஆட்டோவுல போகும்போது, "நம்ம மண்ணுன்னு நெனச்சு ஊனிட்டேம்ல"ன்னார். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில பிசியோதெரபிஸ்ட் ஒரு பொண்ணு, இருபத்தஞ்சு வயசு இருக்கும். அவங்க பத்து நிமிஷத்துல கத்துக்குடுத்ததை, அத்தனை கம்பு வாங்கியும் நான் தெரிஞ்சுக்கல. உங்க வீட்டுல யாராவது கம்பு ஊன்றாங்கன்னா இதைக் கொஞ்சம் கவனமா கேளுங்க.

முதல்ல உயரம். வழக்கமா போடுற செருப்போட நேரா நிக்கச் சொல்லுங்க. கையைத் தொங்கவிடணும். தரையிலேர்ந்து மணிக்கட்டு மடிப்பு வரைக்கும் என்ன உயரமோ, அதுதான் கம்போட உயரம். பிடிக்கும்போது முழங்கை லேசா, ஒரு 15, 20 டிகிரி மடங்கியிருக்கணும். நீளமா இருந்தா தோள் தூக்கிக்கும், குட்டையா இருந்தா ஆள் கூனிக்குவார். பெரியப்பா கம்பு அவருக்கு மூணு விரக்கடை அதிகம்.

அடுத்தது நம்பவே கஷ்டமான விஷயம். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில கம்பைப் பிடிக்கணும். வலது மூட்டு வலிச்சா இடது கையில. வலிக்கிற காலும் கம்பும் ஒண்ணா முன்னால போகணும். அப்பத்தான் அந்தக் கால் மேல விழற எடையைக் கம்பு வாங்கிக்கும். நாம எல்லாரும் வலிக்கிற பக்கமே பிடிப்போம், சினிமாவுலயும் அப்படித்தான் காட்டுவாங்க. பெரியப்பாவுக்கு வலது மூட்டு. ஆயுசு பூரா கம்பு பிடிச்சதும் வலது கை. இப்போ எந்தக் கையில பிடிக்கணுமோ அந்தக் கைதான் மாவுக்கட்டுல கிடந்தது.

படிக்கட்டு ஏறும்போது நல்ல கால் முதல்ல. இறங்கும்போது கம்பும் வலிக்கிற காலும் முதல்ல. அப்புறம் அடியில ரப்பர் புஷ். அதுல வரி வரியா இருக்கும்ல, அந்த வரி தேஞ்சா மாத்திடணும், வண்டி டயர் மாதிரி. அது அறுபது எழுபது ரூபா சாமான். நான் பூணோட மதிப்புன்னு பேசினேனே, அதுக்கு எதிர்ல நிக்க வேண்டியது இதுதான்.

இந்தக் களேபரத்துல சொந்தத்துல ஒருத்தர் பாசமா ஆன்லைன்ல ஒரு கம்பு ஆர்டர் பண்ணி அனுப்பினார். "ஒரிஜினல் கருங்காலி, கிரக தோஷமும் போகும், மூட்டு வலியும் போகும்." இப்போ எல்லார் கழுத்துலயும் கருங்காலி மாலை தொங்குற காலம் இல்லையா, கம்பும் வந்துடுச்சு. பளபளன்னு கறுப்பு. ரெண்டு நாள் பிடிச்சதும் பெரியப்பா உள்ளங்கை கறுப்பாயிடுச்சு. வேர்வையில சாயம்.

கருங்காலி பத்தி ஒரு குழப்பம் இருக்கு, அதை இங்க சொல்லிடலாம். தமிழ்ல இந்தப் பேர் ரெண்டு மரத்துக்கு இருக்கு. மரவேலைக்காரங்க கருங்காலின்னு சொல்றது எபனி மரம், நடுவைரம் கறுப்பா, ரொம்ப கனமா இருக்கும், வளர ரொம்ப காலம் எடுக்கும். சித்த மருத்துவத்துல கருங்காலின்னு சொல்றது காசுக்கட்டி எடுக்குற, வேல மர இனத்தைச் சேந்த ஒரு மரம். அதோட வைரம் செம்பழுப்பு. ரெண்டும் வேற வேற. விக்கிறவங்க ஒண்ணோட மருத்துவ குணத்தைச் சொல்லி இன்னொண்ணோட கறுப்பைக் காட்டுவாங்க, பல சமயம் ரெண்டுமே இல்லாத மூணாவது மரத்துக்குச் சாயம் அடிச்சிருப்பாங்க. தண்ணியில போட்டா முங்கும்னு ஒரு சோதனை சொல்வாங்க. எபனி முங்கும், உண்மைதான். ஆனா கனமான வேற மரமும் முங்கும். அதனால அது போதாது. வெள்ளைத் துணியில தேங்காயெண்ணெய் தொட்டு அழுத்தித் தேயுங்க. சாயமா இருந்தா பெரும்பாலும் துணி சொல்லிடும். அடியில வெட்டுமுகம் தெரியுதான்னும் பாருங்க. முனை உட்பட முழுக்கப் பெயின்ட் அடிச்சு மூடியிருந்தா வாங்காதீங்க.

பெரியப்பா அந்தக் கம்பைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "சாமி கும்பிட வச்சுக்கோ, ஊன்றதுக்கு வேண்டாம்"னார்.

அப்பத்தான் எனக்கு நானே ஒண்ணு செஞ்சு குடுக்கணும்னு ஒரு வெறி வந்தது. பாவத்தைக் கழுவுற வேலைன்னு வச்சுக்கோங்களேன். வாங்கத் தெரியும், செய்யத் தெரியாது.

மரம் எங்க? எங்க கடம்பூர்ப் பழைய ஓட்டு வீட்டோட பின்கட்டு இடிஞ்சு கிடந்தது. ஓட்டைத் தாங்குற சட்டம் எல்லாம் பனங்கை. தாத்தா காலத்துல வெட்டின பனை. பனை மரத்துல நடுப்பகுதி சோறு மாதிரி மெத்துனு இருக்கும். வெளிச் சுத்துதான் வைரம், கறுப்பு நாரும் பழுப்பு நாரும் கோடு கோடா ஓடும். பாலீஷ் பண்ணினா அவ்வளவு அழகு. அந்தக் காலத்துல இலங்கையிலயும் பனை வைரத்துல கம்பு செஞ்சிருக்காங்க. புதுசா பனையை வெட்டணும்னு யோசிக்கவே வேண்டாம். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி கட்டாயம்னு தமிழ்நாடு அரசு 2021 வேளாண் பட்ஜெட்லயே அறிவிச்சிருக்கு. ஆனா இடிச்ச வீட்டுப் பனங்கை விறகு விலைக்குக் கிடைக்குது. அம்பது, அறுபது வருஷம் காஞ்ச மரம். எந்தக் கடையிலயும் காசு குடுத்து வாங்க முடியாத பதம்.

ஊர் மர ஆசாரி ஒருத்தர்கிட்ட போனேன். அவர் பனங்கையைப் பாத்ததும் முகத்தைச் சுளிச்சார். உளி, இழைப்புளி எல்லாத்தையும் பனை நார் மொக்கையாக்கிடும். ஒரு பக்கமா இழைச்சா நல்லா வரும், எதிர்ப்பக்கம் போட்டா நார் பிச்சுக்கிட்டு எழும்பும். "நீயே அரத்தை வச்சு ராவு"ன்னு சொல்லிட்டு வேற வேலைக்குப் போயிட்டார். ரெண்டு நாள் ராவினேன். சதுரம் எட்டுப்பட்டையாச்சு, எட்டு பதினாறாச்சு, அப்புறம் உருட்டு. உப்புத்தாள் மூணு நம்பர், கரடுலேர்ந்து நைஸ் வரைக்கும். ஆளிவிதை எண்ணெய் மூணு கை. கைப்பிடிக்குக் குமிழ் வேணும்னு அம்பாசமுத்திரம் போனேன். அங்க மஞ்சக் கடம்பு மரத்துல சொப்புச் சாமான் கடையிற பட்டறைகள் உண்டு, நாம சின்ன வயசுல விளையாடின அதே அடுப்பு, உரல், அம்மி. ஒருத்தர் குமிழ் ஒண்ணு கடைஞ்சு, சுத்தும்போதே அரக்குக் கட்டியை அழுத்திச் சிவப்புச் சாயம் ஏத்திக் குடுத்தார். அரக்கு சூட்டுல உருகி மரத்துல அப்பிக்கிறதைப் பாக்கறதுக்கே ஒரு தடவை போகலாம்.

கம்பு ரொம்ப அழகா வந்துச்சு. ஒரு வாரத்துல உடம்புப் பகுதியில ஒரு நார் எழும்பி, பெரியப்பா கையைத் தடவினப்போ சிலாம்பு ஏறிடுச்சு. உருண்டைக் குமிழும் சரியில்ல. நின்னு பேசும்போது கை வைக்க நல்லா இருக்கும், ஆனா உடம்பு எடையைக் குடுத்து ஊனினா உள்ளங்கை நடுவுல குத்தும். ஊன்ற கம்புக்கு உள்ளங்கை முழுசா படியுற மாதிரி குறுக்குப் பிடிதான் வேணும். அந்தக் கம்பு இப்போ என் சுவர்ல 24-ஆவதா தொங்குது. வர்றவங்க எல்லாரும் முதல்ல அதைத்தான் கையில எடுப்பாங்க.

ரெண்டாவது முயற்சிக்கு மரம் சொன்னது பெரியப்பாவே. சீமைக்கருவேலம். எங்க ஊர்ல அதை மரம்னே மதிக்க மாட்டாங்க. 1870-கள்ல வெள்ளைக்காரன் காலத்துல இந்தியாவுக்கு வந்து, இன்னைக்குக் கண்மாய், ஓடை, தரிசு எதையும் விடாம பரவிக் கிடக்கு. நிலத்தடித் தண்ணி பேச்சு, கோர்ட் கேஸ், ஜே.சி.பி. வச்சுப் பிடுங்குறது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதே சமயம் எங்க மாவட்டத்துலயும் ராமநாதபுரம், விருதுநகர்லயும் ஆயிரக்கணக்கான குடும்பம் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் சாப்பிடுது. அந்த அரசியல் தனி எபிசோட். மரவேலைக்காரனா பாத்தா அது நல்ல மரம்: கெட்டி, காயும்போது ரொம்பக் கொஞ்சமாத்தான் சுருங்கும். ஒரே குறை, நேரா ஒரு முழம் கிடைக்காது. கரிக்கு வெட்டி அடுக்கின ஒரு லோடு விறகுல தேடினா நேரான கழி ஒண்ணு ரெண்டு தேறும். தேடும்போது முள்ளு ஜாக்கிரதை, குத்தினா வீங்கி ஒரு வாரம் கடுக்கும்.

அதுல ஒரு கிளை, அடியில குறுக்கா ஒரு கவட்டை. அந்தக் கவட்டையே பிடி. தனியா பிடி ஒட்டவே வேண்டாம், மரம் தானே வளத்த மூலை, உடையாது. பட்டையை உரிச்சு, வெட்டின ரெண்டு முனைக்கும் மெழுகு தடவி, நிழல்ல வச்சேன். முனையை மூடலன்னா ஈரம் அங்க வேகமா வெளியேறி வெடிக்கும். கனமான கழி ஒரு வருஷமாவது காயணும்; நான் எட்டு மாசத்துல எடுத்துட்டேன், லேசா ஒரு கீறல் இருக்கு, பரவாயில்ல. பெரியப்பாவைச் செருப்புப் போட்டு நிக்க வச்சு, மணிக்கட்டு மடிப்புக்கு அளந்து அறுத்தேன். கம்பு முனைக்குத் தக்க ரப்பர் புஷ் வாங்கி மாட்டினேன். பூண் இல்ல.

சென்னையில அடுத்த தடவை வந்தப்போ அது நல்லா வேலை செஞ்சது. டைல்ஸ்ல கல்லு மாதிரி நின்னுச்சு. எனக்கு ஒரே பெருமை. ஐப்பசியில அவர் கடம்பூர் திரும்பினார். முதல் மழை. காலையில உளுந்துக் காட்டுப் பக்கம் போனவர் போன் பண்ணார். "ஏல, ஒம் ரப்பரைக் கரிசல் முழுங்கிட்டு."

(சிரிப்பு) களி மண்ணுல ஊனி இழுத்தப்போ புஷ் மண்ணுக்குள்ளயே தங்கிடுச்சு, கம்பு மட்டும் வெளிய வந்திருக்கு. தோண்டித் தேடியிருக்கார். அகப்படல.

இப்போ ரெண்டு கம்பு. வீட்டுக்குள்ள, பஸ்ஸுக்கு, சென்னைக்கு எல்லாம் கருவேலக் கம்பு, ரப்பரோட. காட்டுக்குப் பழைய கல்மூங்கில், பூணோட. பிசியோதெரபிஸ்ட் சொன்ன மாதிரி மூணு விரக்கடை அறுக்கச் சொன்னேன். மேல் பக்கம் அறுத்தார், பூண் பக்கம் தொடல. இடது கையிலதான் பிடிக்கிறார், நான் பாக்கும்போது மட்டும்.

சேகரிக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு நாலு வார்த்தை சொல்லிடுறேன், நிறைய பேர் கேக்குறீங்க. பழைய ஜமீன் வீடு, செட்டிநாட்டு வீடுகள்லேர்ந்து வர்ற கம்புகள்ல தந்தப் பிடி, மான்கொம்புப் பிடி இருக்கும். தொடாதீங்க. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல மாட்டிக்குவீங்க, "பழசுங்க, தாத்தாவோடதுங்க"ங்கிற பேச்சு எடுபடாது. குருமலை மாதிரி காப்புக்காட்டுல போயி கழி வெட்டுறதும் குத்தம்தான். வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு வந்தா வெள்ளிக்கு விலை சொல்வாங்க, பிரம்பு உளுத்திருக்கான்னு பாருங்க. மாவு உதிர்ந்தா உள்ள வண்டு இருக்கு, அதைக் கொண்டுபோயி மத்த கம்போட வைக்காதீங்க. என் அனுபவம் அது, நாலு கம்பு போச்சு.

விலை குடுத்து வாங்குறதைவிட எனக்குப் பிடிச்சது, சனிக்கிழமை விடியக்காலம் எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில போயி நிக்கிறது. வர்றவங்க கையில இருக்கிற கம்பைப் பாத்துக்கிட்டே நிக்கலாம். உடை மரம், வேம்பு, புளி, மூங்கில். ஒண்ணுல சைக்கிள் பம்புக் குழாயை அறுத்துப் பூண் போட்டிருந்தாங்க, ஒண்ணுல பிடிக்குப் பழைய டியூப் சுத்தியிருந்தாங்க. முன்னெல்லாம் "விலைக்குத் தர்றீங்களா அண்ணாச்சி"ன்னு கேப்பேன். சில பேர் தந்துட்டு, கையில கம்பில்லாம மந்தையை ஓட்டிக்கிட்டுப் போனதைப் பாத்திருக்கேன். அப்படி வாங்கினது அஞ்சு கம்பு என் சுவர்ல இருக்கு. இப்போ கேக்குறதில்ல. எந்த மரம், யார் செஞ்சது, எத்தனை தடவை அறுத்ததுன்னு கேட்டு எழுதிக்கிறேன். சரின்னா ஒரு படம். அந்த நோட்டு இப்போ ரெண்டாவது போயிக்கிட்டு இருக்கு.

போன பங்குனியில ஊருக்குப் போனப்போ பெரியப்பா சந்தையிலேர்ந்து ஒரு கல்மூங்கில் கழி வாங்கி வச்சிருந்தார். என்னைத் திண்ணை ஓரமா நிக்கச் சொன்னார். "செருப்பைப் போட்டுக்கோ"ன்னார், பிசியோதெரபிஸ்ட் சொன்னதை மறக்கல. ஒரு கயிறை எடுத்துத் தரையிலேர்ந்து அளந்தார். நான் மணிக்கட்டு வரைக்கும்தான்னு நினைச்சேன். கயிறு தோளுக்குப் போச்சு.

"எதுக்குப் பெரியப்பா இவ்வளவு நீளம்? எனக்கு என்ன ஆடா இருக்கு?"

"இருக்கட்டும்ல. பொறவு அறுத்துக்கிடலாம்."

மூணு வாரம் கிணத்துல கிடந்து, வளைவு எடுத்து, இப்போ அது கடம்பூர்ல அடுப்புக்கு மேல பரண்ல இருக்கு. பூண் இன்னும் போடல. எந்தத் தரைக்குன்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லச் சொல்லியிருக்கார்.